ஒரு கவுண்டி ஆட்டக்காரரின் நான்கு பெயர்கள்

திருச்சபை வரலாற்றைப் பயிலும் நாம் பெரும்பாலும் பேராயர்கள், மிஷனெரிமார், மகாசங்கங்கள் ஆகியோரின் வரலாற்றையே பயின்று வருகிறோம். இது தவறு அன்று. எனினும், ஒரு காலத்துச் சமுதாயம் மனிதரை எவ்வாறு தரம் பிரித்தது என்பதையும், அத்தரம் பிரிப்பில் திருச்சபையும் எவ்வாறு பங்கு பெற்றது என்பதையும் அறிய வேண்டுமாயின், பெரியோர் வாழ்க்கையைவிடச் சிறியோர் வாழ்க்கையே நமக்கு மிகுதியாய் உதவும். பெரியோர் தம் காலத்தின் வேலிகளைத் தாண்டிச் செல்லக்கூடியவர்கள். சிறியோரோ அவ்வேலிகளில் மோதுகிறவர்கள். வேலி எங்கிருந்தது என்பதை மோதினவரிடமே கேட்டறியலாம்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் சிறியவர், ஜாக் பார்சன்ஸ் என்று அழைக்கப்பட்ட ஜான் ஹென்றி பார்சன்ஸ். இவர் 1890ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் பிறந்து 1981ஆம் ஆண்டு மறைந்தவர். 1910 முதல் 1934 வரை இங்கிலாந்தின் வார்விக்ஷயர் கவுண்டிக்காகக் கிரிக்கெட் ஆடினார். 350க்கும் மேற்பட்ட முதல்தர ஆட்டங்களில் ஏறக்குறைய 18,000 ஓட்டங்களும் 38 சதங்களும் எடுத்தார். ஆயினும், இங்கிலாந்து அணிக்காக ஒரு டெஸ்ட் ஆட்டத்திலேனும் ஆடியவர் அல்லர். கிரிக்கெட் வரலாற்று நூல்களில் சில வரிகளுக்கு மேல் இடம் பெறாதவர்.

அப்படியிருக்க, இறையியல் ஏட்டில் இவருக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். இவர் 1929ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்று, பின்னர் ட்ரூரோ பேராலயத்தின் கேனனாக விளங்கினார் என்பது ஒரு விடை. ஆனால் அதனினும் முக்கியமான விடை ஒன்று உண்டு. கிரிக்கெட் மைதானத்தில் விற்கப்பட்ட ஸ்கோர் அட்டையில் இவருடைய பெயர் நான்கு முறை மாற்றி அச்சிடப்பட்டது. மனிதர் ஒருவரே, மட்டையும் அதுவே, பெயர் மட்டும் மாறிற்று. அந்த மாற்றங்களில் கடைசியானது திருச்சபையின் கைகளினால் நிகழ்ந்தது. அதைப் பற்றியே நாம் சிந்திக்க விழைகிறோம்.

1. இரண்டு வாசல்கள்

இங்கிலாந்தின் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் 1962ஆம் ஆண்டு வரை இரண்டு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஊதியம் பெறாமல், பொழுதுபோக்காக ஆடுகிறவர் என்று கருதப்பட்டவர் அமெச்சூர்; அவரே 'கனவான்'. ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டு கூலி பெற்று ஆடியவர் தொழில்முறை ஆட்டக்காரர். இவ்விரு சாராருக்கும் இடையே 1806 முதல் 'கனவான்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும்' என்ற பெயரிலேயே போட்டிகள் நடந்து வந்தன. கனவான் என்பதற்கு எதிர்ச்சொல் 'ஆட்டக்காரர்' என்று அமைந்ததை நாம் கவனிக்க வேண்டும். உழைப்பைக் குறிக்கும் சொல்லே தாழ்வைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இப்பிரிவினை பெயரளவில் நின்றுவிடவில்லை. பல மைதானங்களில் இரு சாராருக்கும் உடை மாற்றும் அறைகள் வேறு. ஆடுகளத்திற்குள் இறங்கும் வாசல்களும் வேறு. வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும்போது இரயில் வண்டியில் அமரும் வகுப்பும், தங்கும் விடுதியும் பெரும்பாலும் வேறு. தொழில்முறை ஆட்டக்காரர் அமெச்சூரை 'மிஸ்டர்' என்றோ 'ஐயா' என்றோ அழைக்க வேண்டும். அமெச்சூரோ மற்றவரை வெறும் குடும்பப் பெயரால் அழைப்பார். அணித்தலைவர் பதவி அமெச்சூருக்கே உரியதாயிருந்தது. அவருடைய ஆட்டத்திறன் குறைவாயிருந்தாலும், அவருக்குக் கீழே ஆடும் 10 பேரும் அவரைவிடத் தேர்ந்தவராயிருந்தாலும், தலைமை அவருடையதே.

இவை அனைத்திற்கும் சுருக்கமான அடையாளம் ஸ்கோர் அட்டை. அமெச்சூரின் முதலெழுத்துகள் அவருடைய பெயருக்கு முன்னே அச்சிடப்படும். தொழில்முறை ஆட்டக்காரருக்கு வெறும் பெயர் மட்டும். அல்லது முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னே. இதைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆனால் 1950ஆம் ஆண்டளவில்கூட, லார்ட்ஸ் மைதானத்தில் ஃபிரெட் டிட்மஸ் என்னும் இளம் தொழில்முறை ஆட்டக்காரரின் முதலெழுத்துகள் தவறுதலாகப் பெயருக்கு முன்னே அச்சாகிவிட்டபோது, அப்பிழையைத் திருத்தி ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யப்பட்டது. கூடியிருந்தோர் தம் கையிலுள்ள அட்டையைத் திருத்திக்கொள்ள வேண்டுமாம். இரண்டு எழுத்துகள் இடம் மாறி நின்றதைப் பொறுக்க முடியாத ஒழுங்கு அது.

இந்த ஒழுங்கு முற்றிலும் நேர்மையானதாகவும் இருக்கவில்லை. அமெச்சூர் என்று போற்றப்பட்ட டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸ் கிரிக்கெட் வாயிலாகப் பெற்ற பணம் அக்காலத் தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் கனவு காணாத தொகையாகும். ஆகவே பணம் வாங்குவது மட்டுமே கோட்டைத் தீர்மானிக்கவில்லை. யார் வாங்குகிறார் என்பதே தீர்மானித்தது.

2. பார்சன்ஸ் என்னும் வெறும் பெயர்

ஜாக் பார்சன்ஸ் 1910ஆம் ஆண்டு வார்விக்ஷயர் அணியில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார். பர்மிங்காம் நகரின் எட்ஜ்பாஸ்டன் அவ்வணியின் சொந்த மைதானம். அடுத்த ஆண்டே, 1911இல், ஃபிராங்க் ஃபாஸ்டர் என்னும் இளம் அமெச்சூரின் தலைமையில் வார்விக்ஷயர் முதன்முறையாகச் சாம்பியன் பட்டம் வென்றது. பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்த அப்பகுதியின் மக்களுக்கு அது பெருமகிழ்ச்சியாயிருந்தது. அக்காலத்து அட்டையில் இவர் 'பார்சன்ஸ்' மட்டுமே.

தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கை கோடைக்காலத்தைச் சார்ந்தது. குளிர்காலத்தில் பலர் வேறு வேலை தேட வேண்டும். காயம்பட்டாலும் திறன் குன்றினாலும் பிழைப்பு போயிற்று. நெடுநாள் உழைத்தவருக்குக் கவுண்டிக் கழகம் ஓர் உதவி ஆட்டத்தை ஒதுக்கி, அதன் வருவாயை அவருக்குக் கொடுப்பதுண்டு. முதுமைக்கு அதுவே சேமிப்பு. கென்ட் கவுண்டியின் ஜேம்ஸ் சீமோர் 1920ஆம் ஆண்டு பெற்ற அத்தகைய தொகைக்கு வருமான வரித் துறையினர் வரி கேட்டனர். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று, அது கூலி அல்ல, அன்பளிப்பே என்று 1927ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று. தீர்ப்பு சீமோருக்கு நன்மையாயிற்று. ஆனால், ஓர் உழைப்பாளியின் முதுமைக்குரிய பொருள் உரிமையாக அன்றி, பிறர் மனமுவந்து கொடுப்பதாகவே இருந்தது என்பதையும் அதே தீர்ப்பு வெளிப்படுத்துகிறது.

பார்சன்ஸின் அணித்தோழர்களுள் பெர்சி ஜீவ்ஸ் என்னும் தொழில்முறைப் பந்துவீச்சாளர் ஒருவர் இருந்தார். எதிர்காலத்தில் இங்கிலாந்துக்காக ஆடக்கூடியவர் என்று மதிக்கப்பட்ட அவர், 1916ஆம் ஆண்டு ஜூலையில் சோம் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அவருடைய ஆட்டத்தை ஒருமுறை பார்த்திருந்த எழுத்தாளர் பி. ஜி. வோட்ஹவுஸ், அப்பெயரின் ஓசையை விரும்பித் தம் கதைகளில் வரும் பணியாளுக்கு அதைச் சூட்டினார். இன்று ஜீவ்ஸ் என்றவுடன் உலகம் நினைப்பது எஜமானுக்குத் தேநீர் கொண்டுவரும் பணியாளையே. எழுத்தாளரின் உள்ளத்தில் இழிவு நோக்கம் ஏதும் இல்லை. எனினும், முதலெழுத்து இல்லாமல் அச்சான ஒரு வெறும் பெயர் எவ்வளவு எளிதாய்ப் பணியாளின் பெயராயிற்று என்பது நமக்கு ஒரு செய்தியைச் சொல்லுகிறது.

3. போர் அளித்த பட்டம்

1914ஆம் ஆண்டு போர் மூண்டபோது பார்சன்ஸ் வார்விக்ஷயர் குதிரைப் படையில் சேர்ந்தார். சாதாரண வீரராயிருந்து அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். வீரத்திற்கான மிலிட்டரி கிராஸ் என்னும் விருதையும் பெற்றார். அவர் சார்ந்திருந்த அந்தப் படைப்பிரிவு 1917ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், காசாவுக்கு வடகிழக்கே ஹூஜ் என்னுமிடத்தில், வொர்ஸ்டர்ஷயர் குதிரைவீரருடன் இணைந்து பீரங்கிகளை நோக்கி உருவிய வாள்களுடன் பாய்ந்தது. 200 பேருக்கும் குறைவானோர் பாய்ந்தனர். அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். பிரித்தானியக் குதிரைப் படையின் கடைசிப் பெரும் பாய்ச்சல்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. நாம் வேதாகம வரைபடத்தில் பெலிஸ்தரின் சமவெளி என்று மாணவர்க்குக் காட்டும் நிலம் அதுவே.

அப்போரில் அதிகாரிகள் பெருந்தொகையாய் மடிந்ததால், வழக்கமாக அதிகாரி நிலையை எட்ட முடியாத வகுப்பினருக்கும் அப்பதவி அளிக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு உயர்ந்தவர்களைப் பழைய வகுப்பினர் 'தற்காலிகக் கனவான்கள்' என்று அழைத்தனர். இந்தச் சொல்லாட்சியே ஒரு சமுதாயத்தின் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறது. சாவதற்கு முன்வரும் காலம் மட்டும் அவர் கனவான். போர் ஓய்ந்தபின் பழைய இடத்திற்குத் திரும்பிவிட வேண்டும்.

பார்சன்ஸ் போருக்குப் பின்னும் சில ஆண்டுகள் இராணுவத்திலேயே இருந்தார். விடுமுறையில் வார்விக்ஷயருக்காக ஆட வந்தபோது, அட்டையில் 'கேப்டன் ஜே. எச். பார்சன்ஸ்' என்று அச்சாயிற்று. எட்ஜ்பாஸ்டனில் 1914ஆம் ஆண்டு எந்த மனிதர் ஆடினாரோ அவரே ஆடினார். ஆனால் இப்போது அவர் அமெச்சூர். அவருக்குரிய அறையும் வாசலும் வேறு. பழைய தோழர்கள் அடுத்த அறையில் இருந்தனர்.

4. மீண்டும் வெறும் பெயர்

1923ஆம் ஆண்டளவில் பார்சன்ஸ் இராணுவத்தை விட்டு விலகி, மீண்டும் தொழில்முறை ஆட்டக்காரராக வார்விக்ஷயருக்கே திரும்பினார். இது எளிய செயல் அன்று. படையிலே வீரருக்குத் தலைவராய் நின்றவர், விருது பெற்றவர், இப்போது தம்மைவிட இளையவரான அமெச்சூரை 'ஐயா' என்று அழைக்க வேண்டும். அட்டையில் மறுபடியும் 'பார்சன்ஸ்' என்னும் வெறும் பெயர். மேலே ஏறுவோரைப் பற்றிய கதைகள் நம்மிடம் பல உண்டு. ஏறியபின் தாமாக இறங்கியவர் சிலரே.

இந்த ஆண்டுகளிலேதான் அவருடைய ஆட்டம் முதிர்ந்தது. அஞ்சாமல் முன்வந்து பந்தை ஓங்கி அடிப்பது அவருடைய இயல்பு. 1927ஆம் ஆண்டு அவருடைய ஓட்டச் சராசரி 50ஐத் தாண்டிற்று. கிளமார்கனுக்கு எதிராக அவ்வாண்டு எடுத்த 225 ஓட்டங்களே அவருடைய மிக உயர்ந்த எண்ணிக்கையாக நின்றது.

இக்காலத்து மனநிலையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1924ஆம் ஆண்டில் இங்கிலாந்து அணித்தலைவராயிருந்தவர் ஆர்தர் கில்லிகன் என்னும் அமெச்சூர். அவருடைய தலைமையைச் செசில் பார்க்கின் என்னும் தொழில்முறைப் பந்துவீச்சாளர் செய்தித்தாளில் குறை கூறினார். ஜாக் ஹாப்ஸ் போன்றவர் தலைமை ஏற்கலாமே என்ற கருத்தும் எழுந்தது. ஹாப்ஸ், கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் மைதானப் பணியாளருடைய மகன், அக்காலத்து மட்டையாளர்களுள் தலைசிறந்தவர், பக்தியுள்ள சபையார். இதற்கு மறுமொழியாக, 1925ஆம் ஆண்டு ஜனவரியில் யார்க்ஷயர் கழகத்தின் தலைவரான ஹாக் பிரபு ஆண்டுக்கூட்டத்தில் பேசுகையில், தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் ஒருகாலும் இங்கிலாந்துக்குத் தலைவராகாதபடி கடவுளை வேண்டுவதாகக் கூறினார்.

ஹாக் பிரபு கொடியவர் அல்லர். தம் கவுண்டியின் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் குளிர்கால ஊதியம் கிடைக்கச் செய்த நல்லவர் என்றே வரலாறு அவரைக் கூறுகிறது. அதனாலேயே இந்தக் கூற்று நம்மை மிகுதியாய் வருத்துகிறது. அன்புடன் ஆதரிக்கலாம், ஆனால் சமமாக அமரக்கூடாது. இந்த வேற்றுமையைக் காக்கும்படி கடவுளின் நாமமும் அழைக்கப்பட்டது. ஜெபம் என்பது வேலியைக் காக்கும் காவலாளாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிரிக்கெட் வரலாற்றில் இல்லை.

5. இந்தியாவில் கண்ட வேறொரு கோடு

1926–27ஆம் ஆண்டில் அதே கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. அணி இந்தியாவிற்கும் இலங்கைக்கும் பயணம் செய்தது. மாரிஸ் டேட், ஆன்டி சாண்டம், பாப் வயட் முதலியோருடன் பார்சன்ஸும் அதில் ஆடினார். 1926ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பம்பாயில், இந்துக்கள் அணிக்காக ஆடிய சி. கே. நாயுடு 11 சிக்சர்களுடன் 153 ஓட்டங்கள் எடுத்து அந்த அணியைத் திகைக்கச் செய்தார். இந்தியர் தமக்கென ஒரு கிரிக்கெட் வாரியத்தை அமைக்க வேண்டுமென்று கில்லிகன் ஊக்கமளித்தார். 1928ஆம் ஆண்டு டிசம்பரில் வாரியம் தோன்றிற்று. 1932ஆம் ஆண்டு ஜூனில் நாயுடுவின் தலைமையில் இந்தியா லார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிற்று.

இந்தியக் கிரிக்கெட்டிலும் கோடுகள் இல்லாமற்போகவில்லை. அணிகளே மதவாரியாகப் பிரிந்திருந்தன. இந்துக்களின் தலைசிறந்த பந்துவீச்சாளராயிருந்த பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராகையால், பூனாவில் அவருக்குத் தேநீர் அரங்கிற்கு வெளியே, தனி மண்குவளையில் கொடுக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியும் அவருக்கு இந்துக்கள் அணியின் தலைமை கிட்டவில்லை. அவருடைய தம்பி விட்டலே 1923ஆம் ஆண்டு அந்நிலையை எய்தினார். இங்கிலாந்தில் தனி வாசல்; இங்கே தனிக் குவளை. இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. பிறப்பினால் விதிக்கப்பட்ட தீட்டு, வகுப்பினால் விதிக்கப்பட்ட தாழ்வைவிட மிகக் கொடியது. பார்சன்ஸ் கோட்டைத் தாண்டக்கூடிய வழிகள் சில இருந்தன; பாலுவுக்கு அவையும் இல்லை. ஆனால் ஒரு பந்தை ஒருங்கே தொட்ட கைகள் ஒரே பாத்திரத்தைத் தொடலாகாது என்னும் மூடத்தனம் இரண்டிற்கும் வேராயிருந்தது.

6. குருப்பட்டமும் கனவான் வாசலும்

1929ஆம் ஆண்டு பார்சன்ஸ் இங்கிலாந்து திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலத்தில் 'பார்சன்' என்னும் சொல் சபைக்குருவையே குறிக்கும் ஆதலால், பெயருக்கேற்ற அழைப்பு என்று பலர் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கக்கூடும். தம் நாற்பதாம் வயதை நெருங்குகையில், பிழைப்பு அளித்த தொழிலை விட்டு ஊழியத்திற்கு வந்தவர் அவர். அதன்பின்னும் 1934 வரை, ஊழியம் இடங்கொடுத்த போதெல்லாம் வார்விக்ஷயருக்காக ஆடினார். அக்காலத்தில் கவுண்டி ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறுவதில்லை; 1966ஆம் ஆண்டில்தான் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஞாயிறு ஆட்டம் புகுந்தது. ஆகவே சனிக்கிழமை மட்டையுடன் நின்றவர் ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்று, திங்களன்று ஆட்டத்தைத் தொடரத் தடையில்லை.

இப்போது அட்டையில் 'ரெவரெண்ட் ஜே. எச். பார்சன்ஸ்' என்று அச்சாயிற்று. முதலெழுத்துகள் மறுபடியும் முன்னே வந்து நின்றன. அவர் மறுபடியும் அமெச்சூர், மறுபடியும் கனவான். 1934ஆம் ஆண்டு ஸ்கார்பரோவில் பலம் பொருந்திய யார்க்ஷயரை எதிர்த்து, தம் 44ஆம் வயதில், 94 ஓட்டங்களை அடித்து, வார்விக்ஷயர் ஒரே விக்கெட் வித்தியாசத்தில் வெல்லும்படி செய்தார். அவருடைய ஆட்ட வாழ்வின் இறுதிப் பருவத்திற்கு அது தகுந்த மகுடமாயிற்று.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். குருத்துவத்தின் முதற்படியாகிய உதவிக்குருவின் பணிக்குப் புதிய ஏற்பாடு தரும் பெயர் 'டியாக்கொனோஸ்'. பந்தியில் பரிமாறுகிறவன், பணிவிடைக்காரன் என்பதே அதன் பொருள். சீஷரின் கால்களைக் கழுவிய ஆண்டவர் அப்பெயரைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். ஜாக் பார்சன்ஸ் தம்மைப் பணிவிடைக்காரனாக ஒப்புக்கொடுத்த அந்த நாளிலே, எஜமான்களின் வாசல் அவருக்குத் திறக்கப்பட்டது! கூலிக்கு உழைத்தவரையில் அவர் பக்கவாசலில் இறங்கினார். ஊழியன் என்னும் பெயர் பெற்றவுடன் நடுவாசலில் இறங்கினார்.

இதில் பார்சன்ஸைக் குறை கூற ஒன்றுமில்லை. உயர்வை நாடுவதே அவர் நோக்கமாயிருந்தால், கேப்டன் என்னும் பட்டத்தை முன்னமே விட்டிருக்கமாட்டார். நாம் ஆராய்வது அவருடைய உள்ளத்தை அல்ல. சமுதாயம் அவருடைய அழைப்பை எவ்வாறு ஏற்றது என்பதையே. திருச்சபையின் குருப்பட்டத்தை அச்சமுதாயம் ஓர் இராணுவப் பட்டத்தைப் போலவே, மேல் வகுப்பிற்கு நுழைவுச் சீட்டாகக் கருதிற்று. சபையும் அக்கருத்தை மறுக்க முற்படவில்லை; நெடுங்காலம் அதில் மகிழ்ந்தே வந்தது.

கிரிக்கெட் ஆடிய ஊழியர் என்றவுடன் நம் சபைகளில் நினைவுக்கு வருபவர் சி. டி. ஸ்டட். 1882ஆம் ஆண்டு ஓவல் மைதானத்தின் புகழ்பெற்ற டெஸ்ட் ஆட்டத்தில் ஆடியவர்; 1885இல் சீனாவுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் எழுவரில் ஒருவர்; பெருஞ்செல்வத்தைத் துறந்தவர்; 1900 முதல் ஆறு ஆண்டுகள் உதகமண்டலத்தில் சபை ஊழியம் செய்தவர்; 1931ஆம் ஆண்டு காங்கோவில் மறைந்தவர். அவரைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அது தக்கதே. ஆனால் ஸ்டட் கனவானாகப் பிறந்து இறங்கி வந்தவர். துறப்பதற்குச் செல்வம் இருந்தவருடைய தியாகமே நம் பிரசங்கங்களில் எடுத்துக்காட்டாகிறது. துறப்பதற்குக் கூலியன்றி வேறொன்றும் இல்லாத பார்சன்ஸைப் போன்றவரின் அழைப்பு நம் பிரசங்கங்களில் இடம் பெறுவதில்லை. தியாகத்தைக்கூட நாம் செல்வரின் அளவுகோலால் அளந்து பழகிவிட்டோம்.

7. கோடு அழிந்த வரலாறு

ஹாக் பிரபுவின் வேண்டுதல் நெடுநாள் நிலைக்கவில்லை. 1926ஆம் ஆண்டே, மான்செஸ்டர் டெஸ்ட் ஆட்டத்தில் அணித்தலைவர் ஆர்தர் கார் நோயுற்றதால், ஹாப்ஸ் களத்தில் தலைமை தாங்கினார். 1952ஆம் ஆண்டு லென் ஹட்டன் என்னும் தொழில்முறை ஆட்டக்காரர் இங்கிலாந்து அணித்தலைவராக முறையாக நியமிக்கப்பட்டார். அவர் ஹாக் பிரபுவின் யார்க்ஷயரைச் சேர்ந்தவரே. இறுதியாக 1962ஆம் ஆண்டு நவம்பரில் கவுண்டிகளின் ஆலோசனைக் குழு, அமெச்சூர் என்னும் பிரிவையே நீக்க முடிவு செய்தது. 1963ஆம் ஆண்டுப் பருவம் முதல் அனைவரும் கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டுமே.

அந்த 1962ஆம் ஆண்டு ஜூலையில், லார்ட்ஸில் நடந்த கடைசிக் கனவான்கள் – ஆட்டக்காரர்கள் போட்டியில் கனவான்களுக்காகச் சதம் அடித்தவரும் ஒரு குருவானவரே. அவர் டேவிட் ஷெப்பர்ட். குருப்பட்டம் பெற்றபின் டெஸ்ட் ஆட்டம் ஆடிய முதல்வர். 1960ஆம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவின் நிறவெறியை முன்னிட்டு அந்நாட்டு அணிக்கு எதிராக ஆட மறுத்தவர். கிழக்கு லண்டனின் உழைப்பாளர் மத்தியில் ஊழியம் செய்து, 1975 முதல் 1997 வரை லிவர்பூல் பேராயராயிருந்தவர். திருச்சபை ஏழைகள் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை வலியுறுத்தி அவர் எழுதிய நூல் 1983ஆம் ஆண்டு வெளிவந்தது. பார்சன்ஸின் தலைமுறையில் கேட்கப்படாத கேள்வியை ஷெப்பர்டின் தலைமுறை கேட்கத் தொடங்கியது என்று நாம் கூறலாம். எனினும், வாசல்களை ஒன்றாக்கிய முடிவு எந்தச் சபைப் பேரவையிலும் எடுக்கப்படவில்லை. அது கிரிக்கெட் குழு ஒன்றில் எடுக்கப்பட்டது என்பதை நாம் தாழ்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

8. நமக்குரிய கேள்வி

பொன்மோதிரம் அணிந்து வருகிறவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தி வருகிறவனுக்குப் பாதபடியருகே இடமும் கொடுக்கும் சபையை யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். நாம் இந்தப் பகுதியை வழக்கமாக இரண்டு மனிதரைப் பற்றியதாகவே விளக்குகிறோம். பார்சன்ஸின் வாழ்க்கை இதை ஒரே மனிதரைப் பற்றியதாகக் காட்டுகிறது. இன்று மோதிரம் உண்டு, நாளை இல்லை, மறுநாள் மறுபடியும் உண்டு; ஆசனம் அதற்கேற்ப மாறுகிறது. அப்படியானால் ஆசனம் மனிதருக்கு ஒருபோதும் கொடுக்கப்படவே இல்லை, மோதிரத்திற்கே கொடுக்கப்பட்டது.

நம் திருமண்டலங்களிலும் இத்தகைய காட்சியைக் காணாதவர் இல்லை. கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்து ஓர் இளைஞன் இறையியல் கல்லூரிக்கு வருகிறான். படித்துத் தேறிக் குருப்பட்டம் பெறுகிறான். அவன் ஊருக்குத் திரும்பும்போது, நேற்றுவரை அவனை ஒருமையில் ஏவிய செல்வர் எழுந்து நின்று 'ஐயரே, வாருங்கள்' என்று நாற்காலி போடுகிறார். நாம் அதைக் கண்டு, சுவிசேஷம் மனிதரை உயர்த்தியது என்று மகிழுகிறோம். ஆனால் அந்த இளைஞனின் தகப்பன் அதே வீட்டுத் திண்ணைக்குக் கீழே இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். நாற்காலி அங்கிக்குப் போடப்பட்டதேயன்றி, அந்த வீட்டாரின் மனிதத்தன்மைக்குப் போடப்படவில்லை. ஒருவர் கோட்டைத் தாண்டினார். கோடு அப்படியே கிடக்கிறது. தாண்டியவர் மனநிறைவு கொண்டால் கோடு மேலும் உறுதிப்படும்.

ஆகவே ஊழியத்திற்கு ஆயத்தமாகும் மாணவர்களை நாம் கேட்டுக்கொள்வது இது: நமக்கு நடுவாசல் திறக்கப்படும்போது, பக்கவாசலில் இன்னும் யார் இறங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். நம் பெயருக்கு முன்னே எழுத்துகள் சேரும்போது, நம் ஆலயத்தைப் பெருக்குகிறவரின் பெயரை நாம் முழுமையாக அறிந்திருக்கிறோமா என்று நம்மையே கேட்க வேண்டும். பவுல் பிலேமோனுக்கு எழுதுகையில் ஒநேசிமுக்கு ஒரு பட்டத்தை வேண்டவில்லை. அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படியே வேண்டினார். பட்டம் பெற்ற அடிமையை ஏற்பது பிலேமோனுக்கு எளிதாயிருந்திருக்கும். பட்டமில்லாத சகோதரனை ஏற்பதே கடினம்.

ஜாக் பார்சன்ஸ் 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் 90ஆம் வயதில் மறைந்தார். கோடு அழிந்து அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெறும் பெயராகவும், கேப்டனாகவும், மறுபடியும் வெறும் பெயராகவும், ரெவரெண்டாகவும் அச்சிடப்பட்ட அந்த மனிதரை, அவருடைய முதற்பெயரைச் சொல்லியே அழைக்கிற ஒருவர் உண்டு என்பது நம் விசுவாசம். மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரம் கூறுகையில், பெயருக்கு முன்னே நிற்கும் எழுத்துகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.